சின்ன காரில் லிவா: லென்ஸ் வாங்குவதற்கு முன்

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அபுதாபி முசாஃபாவில் வேலை, சனி ஞாயிறு லீவு. ஜனவரியில் ரூம் நண்பரோடு அவருடைய சின்ன செடான் காரில், அபுதாபியின் தெற்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் லிவா போய் மணல்மேடுகளைப் படம் எடுக்க வேண்டும். நண்பருக்குப் படம் எடுப்பதில் ஆர்வம் கிடையாது, வண்டி ஓட்ட வருகிறார். கையில் தொடக்க நிலை கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன (எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தை இழுத்துக் காட்டும்). 70-200 ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: போன தடவை துபாய் அல் குத்ராவில் நானூறு படம் எடுத்தோம், ஒன்றுகூடத் தேறவில்லை என்று. என் பார்வையில் உங்கள் கேள்வி அந்த வரிதான். லென்ஸ் அப்புறம்.

நான் தொழிலால் சர்வேயர். லிவா இருக்கும் அல் தஃப்ரா பக்கம் பைப்லைன் வேலைகளில் பன்னிரண்டு வருஷம் மணலை அளந்தவன். படம் எடுப்பது வார இறுதிப் பைத்தியம். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், தேரி என்னும் சிவந்த மணல்காட்டில் நடந்து வளர்ந்ததால் மணல் எனக்குப் புதிதில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடுகளில் வண்டி ஏற்றி இறக்குவதை எழுதிக் கற்றுத் தரும் தகுதி எனக்கு இல்லை. நான் மணலில் ஓட்டியதெல்லாம் தெரிந்தவர்கள் வண்டிக்குப் பின்னால், அவர்கள் தடத்திலேயே. நல்லவேளையாக உங்கள் பயணத்துக்கு அது தேவையும் இல்லை.

அல் குத்ராவில் படம் தேறாமல் போனதற்குக் காரணம் நீங்கள் போன நேரம் என்று நினைக்கிறேன். காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மணலை வெள்ளைத் தாள் மாதிரி ஆக்கிவிடும். நிழல் இல்லையென்றால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்கே தெரியாது, கேமராவுக்கு எப்படித் தெரியும்? பாலைவனத்தில் ஒரு வார இறுதிக்குக் கிடைப்பது மொத்தம் இரண்டு துண்டு நேரம்தான். சனிக்கிழமை மாலை சூரியன் சாயும் கடைசி ஒன்றரை மணி நேரம், ஞாயிறு விடிந்து முதல் இரண்டு மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பெட்ரோல், ஊர் சுற்றல் எல்லாவற்றையும் இந்த இரண்டையும் சுற்றி வைத்துக்கொண்டால் போதும்.

வழி சுலபம். இ11 சாலையில் மேற்கே தரீஃப் வரை போய், அங்கிருந்து தெற்கே இ45 பிடித்தால் மதீனத் சாயித், அதன் பிறகு லிவாவின் முக்கிய ஊரான மெஸைரா. சுமார் 230 கிலோமீட்டர், நிதானமாகப் போனால் இரண்டரை மணி நேரம். அபுதாபியில் வேக வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் சலுகை 2018-இலேயே போய்விட்டது. துபாய்ப் பழக்கத்தில் அழுத்தினால் அபராதம் வீட்டுக்கு வரும். மெஸைராவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெற்கே தல் மொரீப் என்ற பெரிய மேடு வரை இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தார்ச்சாலை போகிறது. உங்களுக்கு வேண்டியது அந்தச் சாலைதான். இரண்டு பக்கமும் ரப் அல் காலி என்ற பெரும் பாலைவனத்தின் மேடுகள் சாலையை ஒட்டியே நிற்கும். பெரிய சக்கர வண்டி வைத்திருப்பவன் பார்ப்பதில் முக்கால்வாசியை நீங்கள் சின்ன காரிலேயே பார்த்துவிடலாம்.

தல் மொரீப் 300 மீட்டர் உயரம், 50 டிகிரி சரிவு என்று எங்கு பார்த்தாலும் போட்டிருப்பார்கள். உயரத்தை எங்கிருந்து அளந்தார்கள், அடிவாரத்திலிருந்தா கடல் மட்டத்திலிருந்தா என்று பெரும்பாலும் சொல்வதில்லை, அதனால் அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சரிவு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. காய்ந்த மணல் தானாகக் குவிந்து நிற்கும் கோணம் 34 டிகிரியை ஒட்டித்தான். அதைத் தாண்டினால் சரிந்து கொட்டிவிடும். கீழே நின்று பார்க்கும்போது 34 டிகிரியே சுவர் மாதிரி தெரியும் என்பதும் உண்மை. ஒரு எச்சரிக்கை: டிசம்பர், ஜனவரியில் அங்கே லிவா திருவிழா நடக்கும். வண்டிகளை மேட்டில் ஏற்றும் போட்டி, கூட்டம், இரைச்சல். அது வேண்டுமென்றால் போங்கள், ஆனால் அந்த நாட்களில் தடம் படாத மணல் மொரீப் பக்கம் கிடைக்காது. தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாலையில் உங்களுக்கு இருக்கும் ஒரே பெரிய ஆபத்து சாலை ஓரம். ஆறேழு வருஷத்துக்கு முன், நல்ல வெளிச்சம் போய்விடப் போகிறதே என்ற அவசரத்தில், என் காரைத் தாரிலிருந்து ஒரு சக்கர அகலம் கீழே இறக்கினேன். பார்க்கக் கெட்டியாக இருந்தது. முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை போய்விட்டன. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் குழி தோண்டிக்கொண்டே போனது. சூரியன் அந்தப் பக்கம் அருமையாக இறங்கிக்கொண்டிருக்க, நான் முழங்காலிட்டுக் கையால் மணல் அள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியில் தோட்ட வேலைக்குப் போகும் பிக்கப்பில் வந்த ஒரு பட்டான் பெரியவர் இறங்கிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டயர் காற்றைப் பாதிக்கு இறக்கினார், கால் மிதியடிகளை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார், கயிறு கட்டி ஒரே இழுப்பு. காசு கொடுத்தால் வாங்கவில்லை. அன்றிலிருந்து, வண்டி நிறுத்த என்றே தார் போட்ட இடமோ, மற்ற சின்ன கார்கள் நிற்கும் இறுகிய தரையோ இல்லாமல் நான் நிறுத்துவதில்லை. நீங்களும் கயிறு ஒன்று, சின்ன மண்வெட்டி ஒன்று, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் காற்றடிக்கும் பம்ப் ஒன்று டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். காற்றை இறக்கினால் தார்ச்சாலையில் வேகம் எடுப்பதற்கு முன் திரும்ப நிரப்பியாக வேண்டும், அதற்குத்தான் பம்ப்.

மேடுகளுக்கு நடுவே சாம்பல் வெள்ளையாகத் தட்டையான தரை தெரியும். சப்கா என்பார்கள். மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. பார்க்க சிமென்ட் தளம் மாதிரி இருக்கும். நடக்கலாம், வெடித்த பொருக்கைக் குனிந்து படம் எடுக்கலாம், காரை மட்டும் இறக்கவே கூடாது. எங்கள் சைட்டிலேயே ஒரு லாரியை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது.

இனி படம். அந்தப் பக்கத்தில் வீசும் முக்கியக் காற்று வடமேற்கிலிருந்து வரும் ஷமால். காற்று ஏறும் பக்கம் சரிவு குறைவு, மணல் இறுகியிருக்கும், நடக்கலாம். மறுபக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று கொட்டும். ஆகவே பெரிய மேடுகளின் செங்குத்து முகம் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்கு பார்த்து இருக்கும். ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. அதனால் காலையில் அந்த முகம் வெளிச்சத்தில் நிற்கும், மாலையில் வெயில் பக்கவாட்டில் வருடிக்கொண்டு போகும். மணலின் வரிகள் எழுந்து தெரிவது இந்தப் பக்கவாட்டு வெயிலில்தான். சனிக்கிழமை இரண்டரை மணிக்குள் மெஸைரா சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, மொரீப் சாலையில் ஒரு தடவை கேமராவை வெளியே எடுக்காமல் போய் வாருங்கள். ஒரே ஒரு மேட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாலரை மணிக்கு அதன் மேல் இருந்தால் போதும், ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் இறங்கும். பத்து மேடு பார்த்தவனைவிட ஒரு மேட்டில் உட்கார்ந்தவனுக்குத்தான் படம் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

மேட்டில் கால் வைப்பதற்கு முன் நில்லுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நண்பனால். கத்தி முனை மாதிரி முகடு, ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் கறுப்பு, நான் முக்காலியைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். அவன் "மேலே இருந்து பாருடா, சூப்பரா இருக்கு" என்று கத்திக்கொண்டே அந்த முகட்டின் மேலேயே நடந்து போனான். நாற்பது ஐம்பது காலடி, ஒவ்வொன்றும் ஒரு குழி. அந்த மேட்டை அன்று அவ்வளவுதான் எடுக்க முடிந்தது. காற்று அடித்து அழிய ஒரு இரவாவது வேண்டும். ஆகவே உங்கள் நண்பரிடம் காரிலேயே பேசிவிடுங்கள்: எந்தப் பக்கம் படம், எந்தப் பக்கம் நடை, எத்தனை மணி வரை. நீங்களும் படத்துக்கு வேண்டிய பக்கத்தைச் சுற்றிக்கொண்டு, பின்புறமாக ஏறுங்கள்.

அவருக்கு ஆர்வம் இல்லாதது ஒருவகையில் உங்களுக்கு வரம். வெறும் மணலில் அளவு தெரியாது. பத்து மீட்டர் மேடும் நூறு மீட்டர் மேடும் படத்தில் ஒன்றுதான். தூரத்து முகட்டில் ஒரு ஆள் எறும்பு மாதிரி நின்றால்தான் பார்ப்பவனுக்கு மூச்சு முட்டும். அவருக்குச் சிவப்போ வெள்ளையோ சட்டை போட்டு, முதலில் காலடி படாத படங்களையெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, கடைசி இருபது நிமிஷத்துக்கு மேலே அனுப்புங்கள். போனில் பேசியே நிறுத்தலாம், சிக்னல் இருந்தால். மேடுகளுக்கு நடுவில் அது வரும் போகும், கையசைப்புக்கும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா விஷயத்தில் மூன்று இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெளிர் மணலைக் காட்டினால் இருட்டாக்கிக் கொடுக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் முட்டாமல். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அது மணலின் செம்மையைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும், டேலைட்டில் நிறுத்துங்கள். லிவா மணலின் அந்தச் செம்பழுப்பு, மணல் துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் வருவது. நம் தேரிச் சிவப்பும் அப்படித்தான். அதைத் தேடித்தானே இவ்வளவு தூரம் போகிறோம்? மூன்றாவது, கேமரா சுருக்காமல் திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுங்கள். நானூறு வேண்டாம், அறுபது போதும்.

லென்ஸுக்கு வருகிறேன். வாங்க வேண்டாம். உங்கள் கேமராவில் 55 என்பது, பெரிய சென்சார் வைத்த முழு ஃபிரேம் கேமராவில் 85 போல வேலை செய்யும். மேட்டின் வளைவுகளைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க அதுவே நல்ல தொடக்கம். 18-இல் எடுத்தால் பாதி வானமும் பாதி மணலுமாக நிற்கும் காலிப் படங்கள்தான் பெரும்பாலும் வரும். அல் குத்ரா நானூறில் எத்தனை 18-இல் எடுத்தது என்று திறந்து பாருங்கள். நீள லென்ஸ் ஆசை தீரவில்லையென்றால் நண்பர் யாரிடமாவது 55-250 கடன் வாங்குங்கள். ஆனால் மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். காருக்குள், கண்ணாடி ஏற்றி, ஏசி விசிறியை நிறுத்தி மாற்றுங்கள். என் பழைய ஜூம் ஒன்று ஒரு மாலைக் காற்றில் மணல் தின்று, திருகினால் கறகறவென்று அரைக்க ஆரம்பித்தது. சரிசெய்யக் கொடுத்த கடையில் சொன்ன விலைக்குப் புதிதே வாங்கலாம் போல இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும் போட்டிருந்தால் தப்பியிருக்கும்.

இரவு வானம் கேட்டிருந்தீர்கள். பால்வெளியின் அடர்ந்த நடுப்பகுதி ஜனவரியில் கிடைக்காது, அந்த மாதம் அது சூரியன் இருக்கும் திசையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து விடியற்காலையில் நன்றாகப் பார்க்கலாம். ஜனவரியில் மிருகசீரிடம், திருவாதிரை இருக்கும் ஓரியன் கூட்டம் கண்ணைப் பறிக்கும். அமாவாசையை ஒட்டிய வாரமாகப் பார்த்துப் போனால் 18-இல், லென்ஸின் துளையை முழுசாகத் திறந்து, ஷட்டரைப் பதினைந்து இருபது வினாடி திறந்து வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும்.

ஞாயிறு காலை பற்றி நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் பயணத்தின் உச்சம் அதுவாக இருக்க வாய்ப்பு உண்டு. பகலில் கடலிலிருந்து உள்ளே வந்த ஈரக்காற்று, இரவில் மணல் சடசடவென்று குளிரும்போது விடியலில் மூட்டமாக இறங்கும். உயரமான மேட்டில் நின்றால் கீழே பால் ஊற்றிய மாதிரி, அதில் முகடுகள் மட்டும் தீவு தீவாக மிதக்கும். தேசிய வானிலை மையத்தின் மூடுபனி எச்சரிக்கையை முந்தின இரவு பாருங்கள். எச்சரிக்கை வந்தும் மூட்டம் என் தலைக்கு மேல் நின்று ஒன்றுமே தெரியாமல் திரும்பியதுண்டு. எதுவும் சொல்லாத நாளில் அற்புதமாக வந்ததும் உண்டு. மூட்டத்தில் ஓட்டும்போது மட்டும் விளையாட்டு வேண்டாம். நெடுஞ்சாலைகளில் போலீஸ் வேக வரம்பை 80 ஆகக் குறைத்து அறிவிப்புப் பலகையில் காட்டும். வேலி தாண்டிய ஒட்டகம் எந்தப் பலகையிலும் வராது. அதனால் மெஸைராவிலேயே தங்கி, ஆறு மணிக்கு முன் மெதுவாகக் கிளம்புங்கள். சூரியன் ஏழை ஒட்டித்தான் உதிக்கும்.

மூட்டம் வராவிட்டால் தரையைப் பாருங்கள். இரவெல்லாம் நடந்தவர்கள் எழுதிவைத்திருப்பார்கள்: வண்டின் தையல் மாதிரியான இரட்டைக் கோடு, நரியின் நேர்வரிசைக் காலடி, கொம்பு விரியன் பக்கவாட்டில் நகர்ந்த சாய்ந்த கோடுகள். முதல் வெயிலில் ஒவ்வொரு தடத்துக்கும் நிழல் விழும், வெயில் ஏற ஏற அது போய்விடும். விரியன் தடத்தைத் தொடர்ந்து போக வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள், காலையில் ஷூவைத் தட்டிவிட்டுக் காலை நுழையுங்கள், தேள் உண்டு. காருக்குள்ளேயே படுப்பதாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள், குளிருக்கு என்று மூடிய இடத்தில் கரி மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷவாயு, எழுந்திருக்க மாட்டீர்கள்.

ஒன்பது மணிக்குக் கேமராவை மூடிவிட்டு கஃபட்டேரியாவில் புரோட்டா சாப்பிடுங்கள். திரும்பும்போது வந்த வழியில் வராமல் கிழக்கே ஹமீம் போய் இ65-இல் அபுதாபி வாருங்கள். மேட்டடிவாரத்துப் பேரீச்சந்தோட்டங்கள் வழியெல்லாம் வரும். அபுதாபி ஆளும் குடும்பத்தின் பூர்வீகமே இந்த லிவாதான். தோட்டத்துக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள், மனிதர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். இங்கே அது மரியாதை மட்டும் இல்லை, சட்டமும். எண்ணெய் நிலையம், ராணுவ வேலி பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். ட்ரோன் இருக்கிறதா என்று தெரியவில்லை. 2022-இல் பொழுதுபோக்கு ட்ரோன்களைத் தடை செய்தார்கள், பிறகு தளர்த்தினார்கள், பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிடக் கூடாது. முதல் பயணத்துக்கு ரூமிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கடைசியாக, தோசை மாவும் கேஸ் அடுப்பும் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் மாலைக் காற்றில் சுட்ட தோசையை நான் தின்றிருக்கிறேன், ஒவ்வொரு கடிக்கும் பல் நறநறக்கும். புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், டப்பாவைக் காருக்குள் வைத்துத் திறங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர். ஃபிளாஸ்கில் சூடாகச் சுலைமானி, அதாவது பால் இல்லாத டீ. ஜனவரி விடியலில் பத்து டிகிரிக்குக் கீழேகூடப் போகும், மேட்டு மேல் காத்திருக்கும் உங்கள் நண்பருக்கு முதல் டம்ளரைக் கொடுங்கள்.